புயலடித்த ஊருக்குச் சர்ச் குழுவோடு வீடு கட்டப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. வீட்டில் மாட்டியிருப்பது முருகன் படம். 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் டெக்சாஸில் கரையேறி, ஹூஸ்டன் பக்கம் வந்து நகராமல் உட்கார்ந்துகொண்டு நாள்கணக்கில் கொட்டித் தீர்த்ததே (நெடர்லாண்ட் என்ற ஊரில் மட்டும் 60 அங்குலத்துக்கு மேல் மழை), அப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது, வேறு மாநிலத்திலிருந்து வேனில் வந்த ஒரு சர்ச் குழு, எட்டு பேர், பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், இரண்டே நாளில் நனைந்த சுவரையெல்லாம் பெயர்த்துத் தெருவோரம் குவித்துவிட்டுப் போனார்கள். காசும் கேட்கவில்லை, எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்றும் கேட்கவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்கலாம் என்றுதான், பக்கத்து வீட்டுக்காரர் தன் சர்ச் குழுவோடு லூயிசியானாவின் லேக் சார்ல்ஸுக்குக் கிளம்பியபோது நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு முறை போய்விட்டேன். இங்கே இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் "எப்படிப் போவது, நமக்குச் சுத்தியல் பிடிக்கக்கூடத் தெரியாதே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதல் வாரம் போகாதீர்கள்

புயல் செய்தியை டிவியில் பார்த்ததும் காரில் தண்ணீர் பாட்டிலை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தோன்றும். வேண்டாம். முதல் சில நாள் ஆள் மீட்கிறவர்களுக்கானது. சாலையில் மரம் விழுந்து கிடக்கும், பெட்ரோல் கிடைக்காது, தங்க இடம் இருக்காது. நீங்கள் போய் நின்றால் உங்களுக்கும் சேர்த்து அவர்கள் சோறு தேட வேண்டும். பழைய துணி மூட்டை கட்டி அனுப்புவதும் வேண்டாம். ஒரு சர்ச் ஹால் முழுக்கக் கூரை உயரத்துக்குத் துணி குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், அதைப் பிரிக்க ஆறு பேர் மூன்று நாள் செலவழித்தார்கள், கடைசியில் பாதி குப்பைக்குத்தான் போயிற்று.

சேறு அள்ளி, சுவரைப் பெயர்த்து, கூரையில் தார்ப்பாய் போடும் கட்டம் அதற்கடுத்தது. இது சில வாரம், சில மாதம் ஓடும். ஆள் தேவைதான், ஆனால் அப்போது ஆளும் வருவார்கள். ஆளே வராத காலம் ஒன்று இருக்கிறது, அது ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்குகிறது. லாரா புயல் லூயிசியானா கடற்கரையில் கரையேறியது 2020 ஆகஸ்ட் 27, மணிக்கு 150 மைல் காற்று. ஆறு வாரம் கழித்து அக்டோபர் 9 அன்று ஏறக்குறைய அதே இடத்தில் டெல்டா புயல். பிப்ரவரியில் குழாய் வெடிக்கும் உறைபனி, மே மாதம் வெள்ளம். நடுவில் கொரோனா வேறு, வெளியூரிலிருந்து குழுக்கள் வருவதே குறைவு. நாங்கள் லேக் சார்ல்ஸுக்குப் போனது 2021 ஜூலையில், பதினோரு மாதம் கழித்து. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் தெருவுக்குத் தெரு கூரை மேல் நீலத் தார்ப்பாய், அதுவும் வெயிலில் கிழிந்து நார்நாராகத் தொங்குகிறது. டிவிக்காரர்கள் போய் பத்து மாதம் ஆகியிருந்தது. உங்களிடம் ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு இருக்கிறது என்றால் அதை அந்தக் காலத்துக்கு எடுத்து வையுங்கள்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். அமெரிக்காவில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவை சர்ச் அமைப்புகள்தான். மெனோனைட் பேரிடர் சேவை 1950-லிருந்து இருக்கிறது. வீட்டை முழுதாகக் கட்டித் தருவதில் கைதேர்ந்தவர்கள். மஞ்சள் சட்டையோடு வருபவர்கள் சதர்ன் பாப்டிஸ்ட் குழு, அவர்களுடைய நடமாடும் சமையலறையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு வேகும். மெத்தடிஸ்டுகள் முதற்கட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருகிறார்கள். இவை தவிர பிரெஸ்பிடேரியன், லூத்தரன், கத்தோலிக்க அமைப்புகளும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் போய் மோதிக்கொள்ளாமலிருக்க தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பும் வைத்திருக்கிறார்கள். 1969-இல் கமீல் புயல் அடித்தபோது ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடிய குழப்பத்தைப் பார்த்துவிட்டு 1970-இல் தொடங்கியது.

நீங்கள் தேட வேண்டியது இந்தப் பெரிய பெயர்களை அல்ல. பாதித்த ஊரிலேயே சில மாதத்தில் "நீண்டகால மீட்புக் குழு" என்று ஒன்று உருவாகும், உள்ளூர் சர்ச்சுகள், தொண்டு நிறுவனங்கள், சில சமயம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அதிகாரிகளும் சேர்ந்தது. எந்த வீட்டுக்கு யார் போவது, ஷீட்ராக் என்னும் சுவர்ப் பலகையை யார் வாங்கித் தருவது, எந்தக் குடும்பத்துக்கு எங்கிருந்தும் பணம் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஊர் சர்ச்சின் பாஸ்டரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ "அங்கே மீட்புக் குழுவோடு பேசிவிட்டீர்களா, நமக்கு எந்த வீடு ஒதுக்கியிருக்கிறார்கள்" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் போகலாம். "போய்ப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு குழு பாருங்கள்.

மதம் ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். பெரும்பாலான குழுக்களில் இல்லை. காலையில் வட்டமாக நின்று கைகோத்து ஜெபம் செய்வார்கள், தலை குனிந்து நின்றால் போதும். என்னை ஒருமுறை ஜெபம் நடத்தச் சொன்னார்கள், நான் திருதிருவென்று விழித்துவிட்டு "இன்று யாருக்கும் அடிபடக் கூடாது" என்று மட்டும் சொன்னேன், எல்லாரும் ஆமென் என்றார்கள். சில அமைப்புகள் தலைமைப் பொறுப்புக்கு விசுவாசிகளை மட்டும் எடுக்கும், விண்ணப்பத்திலேயே போட்டிருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

கிளம்பும் முன்

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள், ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அடிப்பகுதி கனமான பூட்ஸ் வேண்டும், ஏனென்றால் பெயர்த்துப் போட்ட பலகையில் ஆணி மேல்நோக்கி இருக்கும், அதை யாராவது ஒருவர் மிதித்தே தீர்வார். தோல் கையுறை, கண்ணாடி, என்-95 முகமூடி ஒரு பெட்டி (ஒன்றல்ல, ஒரு பெட்டி; வியர்வையில் அரை நாளில் நனைந்துவிடும்), அளவு நாடா, பென்சில், பட்டைக்கத்தி (பிளேடு மாற்றும் கத்தி). மற்ற கருவிகள் குழுவின் டிரெய்லரில் இருக்கும். உங்கள் டிரில்லைக் கொண்டுபோனால் பெயர் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாள் அது எல்லாருடைய டிரில்லாகவும் ஆகியிருக்கும்.

பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு பேருக்கு உண்மையாகவே தொழில் தெரிந்திருந்தால் போதும். மீதிப் பேர் தூக்குவது, அளப்பது, வெட்டுவது, கூட்டுவது. ஆனால் அந்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். எல்லாருமே ஆர்வக்கோளாறாக இருந்த ஒரு குழுவோடு ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நாங்கள் தொங்கவிட்ட கதவு மூடவே இல்லை, அடுத்த வாரம் வந்த குழு எங்கள் வேலையைப் பிரித்துவிட்டுத் திரும்பச் செய்தது.

இந்த வீடு எப்படிப்பட்டது

செங்கல், சிமெண்ட் வீட்டில் வளர்ந்த நமக்கு இது முதலில் பிடிபடாது. நம் சுவர் நனைந்தால் காயும், வெள்ளையடித்தால் முடிந்தது. இங்கே சுவர் என்பது 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், அதன் நடுவில் கண்ணாடிப் பஞ்சு, உள்பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, அதைத்தான் ஷீட்ராக் என்கிறார்கள். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று அது. அடியில் ஓரடி தண்ணீர் நின்றால் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல மேலே இழுத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் காயவைத்துக் காப்பாற்றலாம் என்ற பேச்சே இல்லை, நனைந்தது வெளியே போக வேண்டும்.

உடைக்கும்போது

சுத்தியலைத் தூக்கும் முன்னால் கேமராவைத் தூக்குங்கள். ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு சுவரும், தண்ணீர் நின்ற கோடும் படத்தில் வர வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்கும், மத்திய அரசின் பேரிடர் உதவித் துறையான ஃபெமாவுக்கும் அதுதான் சாட்சி. கார்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வைப்பதும் நல்லது. மின்சாரமும் எரிவாயுவும் அணைத்தாயிற்றா என்பதை நீங்களே கண்ணால் பாருங்கள், யாரோ சொன்னார்கள் என்று நம்ப வேண்டாம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் பொறுப்பாளர் சரி என்று சொல்லும்வரை எதையும் உரசாதீர்கள், உடைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மின்சாரம் போய் இரண்டு வாரம் மூடிக் கிடந்த ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கும் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். சுற்றி நாலு சுற்று டேப் ஒட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, தெருவோரம். எங்கள் குழுவில் ஒரு பையன் திறந்து பார்த்தான், அன்று மதியம் ஒருவரும் சாப்பிடவில்லை.

சுவரை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதில்தான் பின்னால் வரும் குழுவின் பாதி நிம்மதி இருக்கிறது. ஷீட்ராக் பலகை 4 அடிக்கு 8 அடி, அதைப் படுக்கவைத்துத்தான் மாட்டுவார்கள். தண்ணீர் இரண்டடிக்குக் கீழே நின்றிருந்தால் தரையிலிருந்து நாற்பத்தெட்டரை அங்குலத்தில் கோடு போட்டு நேராக வெட்டுங்கள். ஒரு முழுப் பலகை அப்படியே உட்காரும், அடியில் அரை அங்குலம் இடைவெளியும் கிடைக்கும். அடுத்தமுறை தரையில் தண்ணீர் சிந்தினால் பலகை உறிஞ்சாது. ஆத்திரத்தில் சுத்தியலால் அங்கங்கே ஓட்டை போட்டுப் பிய்த்தால், மாட்டுகிறவர் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாகத் துண்டு வெட்ட வேண்டிவரும், உங்களைத் திட்டிக்கொண்டே வெட்டுவார்.

பெயர்த்ததைத் தெருவோரம் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. மரக்கிளை ஒரு குவியல், சுவர்ப் பலகையும் கட்டைகளும் ஒன்று, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஒன்று, டிவி, கம்ப்யூட்டர் ஒன்று, பெயிண்ட், பூச்சி மருந்து ஒன்று. கலந்து போட்டால் லாரி எடுக்காமல் போய்விடும். மின்கம்பிக்கு அடியிலும் தண்ணீர் மீட்டர் மேலும் குவிக்காதீர்கள், இரும்புக் கை நீட்டி அள்ளும் லாரிக்கு மேலேயும் பக்கத்திலும் இடம் வேண்டும்.

இன்னொன்று. உங்களுக்குக் குப்பையாகத் தெரிவதெல்லாம் குப்பை அல்ல. ஒரு வீட்டில் நிலைச்சட்டத்தின் மரப்பட்டையைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தேன், வீட்டுக்கார அம்மா பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பென்சிலில் கோடு கோடாக, பக்கத்தில் வருடம் போட்டு, மூன்று பிள்ளைகளின் உயரம். அந்தப் பட்டையைக் கழுவிக் காயவைத்து வேனில் வைத்திருந்து கடைசியில் புதுக் கதவுக்கே பொருத்தினோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், எதையும் தெருவுக்குக் கொண்டுபோகும் முன் வாசலில் ஒருமுறை நிறுத்தி அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் போவது. வேலை மெதுவாகும், ஆகட்டும்.

காயவிடுங்கள்

எல்லாரும் தப்பு செய்யும் இடம் இதுதான். சட்டங்கள் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால்கூடக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று, இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், கடையில் அதிக விலையும் இல்லை. அதைக் குத்திப் பார்த்து 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சுவரை மூடக் கூடாது. நடுச்சட்டத்தில் மட்டும் பார்த்தால் போதாது, தரையோடு படுத்திருக்கும் அடிக்கட்டையில் பாருங்கள், அதுதான் கடைசியாகக் காயும். மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓடினால்கூட வாரக்கணக்கில் ஆகும்.

லேக் சார்ல்ஸில் நாங்கள் சரிசெய்த முதல் வீட்டில், எங்களுக்கு முன்பே ஒரு கான்ட்ராக்டர் வந்து இன்சூரன்ஸ் பணத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, மூன்றே வாரத்தில் சுவரை மூடிப் பெயிண்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். நான்கு மாதத்தில் பெயிண்டுக்கு மேலேயே கறுப்பு பூத்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி உடைத்தோம். அந்த அம்மாவிடம் இரண்டாம் முறைக்குப் பணம் இல்லை, அதனால்தான் அந்த வீடு எங்களிடம் வந்தது.

பூஞ்சணத்துக்குப் பிளீச் ஊற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். மரத்தின் மேல் அது பெரிதாக வேலை செய்யாது, நிறம்தான் போகும், அதில் இருக்கும் தண்ணீரை மரம் குடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரும் கம்பி பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, அப்புறம் பூஞ்சணத்துக்கென்றே விற்கும் மருந்தை அடிப்பதுதான் முறை. அலுப்பான வேலை, தோள்பட்டை கழன்றுவிடும். பிளீச்சோடு அமோனியாவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு.

ஷீட்ராக் மாட்டுவது

இதற்குத்தான் உங்களை அதிகம் கூப்பிடுவார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பலகை ஏறக்குறைய 50 பவுண்டு. இரண்டு பேராகத் தூக்குங்கள், படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் ஒடியும், நிமிர்த்திப் பிடியுங்கள். மாட்டும் முன்னால் சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று தரையிலும் மேல் பலகையிலும் பென்சிலால் குறித்துவிடுங்கள். பலகை ஏறிவிட்டால் சட்டம் கண்ணுக்குத் தெரியாது, அப்புறம் காற்றில்தான் திருகாணி போடுவீர்கள்.

வெட்டுவதற்கு ரம்பம் தேவையில்லை. முன்பக்கக் காகிதத்தில் பட்டைக்கத்தியால் ஒரு கோடு கீறி, முழங்காலை வைத்து ஒரு தட்டு, பிஸ்கட் மாதிரி ஒடியும், பின்பக்கக் காகிதத்தையும் கீறினால் தனியாக வந்துவிடும். இரண்டு தடவையில் யாருக்கும் கைவந்துவிடும், பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்னைவிட நேராக வெட்டினார்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு ஓட்டை போடுவதுதான் தலைவலி. ஒரே பக்கத்திலிருந்து அளந்து, இருமுறை அளந்து, அப்புறம் வெட்டுங்கள். சின்னதாக வெட்டிவிட்டால் பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டியதைச் சின்னதாக்க முடியாது.

ஒண்ணேகால் அங்குலத் திருகாணி, சட்டத்தில் 16 அங்குலத்துக்கு ஒன்று. தலை காகிதத்துக்குள் லேசாக அமுங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்தத் திருகாணி எதையும் பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். குளியலறையில் சாதாரணப் பலகை வேண்டாம், ஈரம் தாங்கும் பச்சைப் பலகையும், ஓடு ஒட்டும் இடத்தில் சிமெண்ட் பலகையும் கேளுங்கள்.

அடுத்தது பட்டி பார்ப்பது. நம்மூர் பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வேலை. இரண்டு பலகை சேரும் இடத்தில் பட்டி வைத்து, மேலே காகித டேப்பை அழுத்தி, அதற்கு மேல் மெல்லிய பூச்சு. காய்ந்ததும் அதைவிட அகலமான தகட்டால் இரண்டாம் பூச்சு, அதுவும் காய்ந்ததும் இன்னும் அகலமாக மூன்றாவது. ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று தோசை மாவு மாதிரி அப்புவார்கள், பிறகு அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்க ஒரு நாள் போகும், வீடு முழுக்க மாவு மில்போல ஆகிவிடும். சாதாரணப் பட்டி காய ஒரு நாள் ஆகும், ஒரு வாரத்துக்கு வந்த குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. தண்ணீர் ஊற்றிக் கலக்கும் தூள் பட்டி ஒன்று இருக்கிறது, பையிலேயே 20, 45, 90 என்று நிமிடம் போட்டிருக்கும். 90 நிமிடப் பையை வாங்குங்கள். 20 நிமிடப் பை தேர்ந்தவர்களுக்கு, நமக்கு அது வாளியிலேயே கல்லாகிவிடும்.

பெயிண்டுக்கு முன் பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஒரு கை அடிக்காவிட்டால் பட்டி வைத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும். பெயிண்ட் நிறத்தை வீட்டுக்காரர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "எது இருந்தாலும் பரவாயில்லை" என்று சங்கோஜத்தில் சொல்வார்கள். பரவாயில்லை என்று விடாதீர்கள், நிற அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மின்சார வேலை, பெரிய குழாய் வேலை இரண்டும் உரிமம் உள்ளவர்களுடையது, தொடாதீர்கள். கூரை மேல் ஏறுவதும் பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம். கீழே நின்று ஏணியைப் பிடியுங்கள், நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டக் கூடாது, குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். புயலில் தப்பித்தவர்கள் அந்தப் புகையில் செத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர்

இத்தனை மாதம் ஏன் இவர்கள் வீடு இப்படியே கிடக்கிறது, இன்சூரன்ஸ் இல்லையா என்று மனதுக்குள் ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும், பெரும்பாலும் எடுத்த 30 நாளுக்குப் பிறகுதான் அது செல்லும். ஃபெமா கொடுக்கும் உதவிக்கு உச்சவரம்பு உண்டு, ஹார்வி சமயத்தில் அது 33,300 டாலர், அதில் ஒரு பகுதிதான் பலருக்கு வந்தது. வெள்ள அபாயப் பகுதியில் சேதம் வீட்டு மதிப்பில் பாதியைத் தாண்டினால் இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்திக் கட்டச் சொல்வார்கள். தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடக்கும் வீடுகள் தெற்கே ஏராளம், கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் எத்தனையோ குடும்பம் அதனாலேயே உதவி வாங்க முடியாமல் நின்றது. பாகப்பிரிவினை செய்யாத பூர்வீக வீட்டை வைத்துக்கொண்டு பட்டாவுக்கு அலைந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காதீர்கள். பெரியவர்களை "மேம்", "சார்" என்றோ, அந்த ஊர் வழக்கப்படி பெயருக்கு முன் "மிஸ்", "மிஸ்டர்" சேர்த்தோ கூப்பிடுங்கள், வெறும் பெயர் சொல்லாதீர்கள். அவர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒருவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் குழுவில் அதற்கென்றே ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் இருந்தார், அவர் பட்டி பார்த்து நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் இல்லாமல் நாங்கள் கிளம்பியதும் இல்லை. அவர்களோடு செல்ஃபி எடுத்துப் போடாதீர்கள். தனியாகப் பணம் கையில் திணிக்காதீர்கள், கொடுக்க விரும்பினால் மீட்புக் குழுவிடம் கொடுங்கள். "அடுத்த மாதம் வந்து சமையலறையை முடித்துத் தருகிறோம்" என்று உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள்.

தூக்கம், சோறு, கையெழுத்து

பெரும்பாலும் உள்ளூர் சர்ச்சின் ஹாலில் காற்று மெத்தை போட்டுத்தான் படுக்கை, குளிக்க வெளியே ஷவர் டிரெய்லர், பத்து பேருக்கு இரண்டு. காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள், அறுபது வயது தச்சர்கள் விடும் குறட்டை லேசுப்பட்டதல்ல. சாப்பாடு உள்ளூர்க்காரர்கள் அன்போடு சமைப்பது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: லூயிசியானாவில் ரெட் பீன்ஸ் சோறு என்று கொடுத்தால் அது ராஜ்மா சோறு மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் சாஸேஜ் கிடக்கும். முன்னாடியே சொல்லிவிடுங்கள், கூடவே பருப்புப் பொடியும் ஊறுகாயும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் என் பூண்டு ஊறுகாயை ஒரு டீக்கன் (சர்ச்சில் பொறுப்பில் இருப்பவர்) மொத்தமாகக் காலி செய்துவிட்டார்.

வெயில் கொல்லும். ஜூலை, ஆகஸ்டில் முகமூடியும் கவச உடையும் போட்டுக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்காதீர்கள், வெளியே வந்து உட்கார்ந்து உப்பும் தண்ணீரும் எடுங்கள். வெள்ளம் வடிந்த புல்லில் நெருப்பெறும்புக் கூட்டம் இருக்கும், கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்.

தினமும் வருகைத்தாளில் மணிக்கணக்கோடு கையெழுத்துப் போடுங்கள், சோம்பல்படாதீர்கள். மீட்புச் செலவில் மத்திய அரசு வழக்கமாக 75 சதவீதம் தரும், மீதியை உள்ளூர் பக்கம் போட வேண்டும். அந்தப் பங்கில் தன்னார்வலர்களின் உழைப்பு மணிகளையும் கணக்குக் காட்ட விதி இருக்கிறது. நீங்கள் போடும் கையெழுத்து அந்த ஊருக்குப் பணம்.

கிளம்பும் நாள்

வாரக் கடைசியில் வேலை முடிந்திருக்காது. ஒரு வீட்டை முழுதாக முடித்துச் சாவி கொடுக்கும் பாக்கியம் எனக்கு இத்தனை வருடத்தில் ஒரே முறைதான் கிடைத்தது. அதனால் அடுத்த குழுவுக்கு எழுதி வையுங்கள்: எந்தச் சுவர் எத்தனையாவது பூச்சு, எந்தக் கதவு இன்னும் வரவில்லை, எந்த அறையில் ஈரம் எவ்வளவு இருந்தது. ஒரு தாளில் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். மிச்சப் பெயிண்ட் டப்பாவின் மூடியில் எந்த அறை, என்ன நிறம் என்று எழுதி வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சுவரை மூடும் முன் சட்டங்களில் வேத வசனமோ வாழ்த்தோ எழுதும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். நான் ஒருமுறை தமிழில் எழுதினேன், என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார், "சாப்பிட்டீங்களா" என்றேன், சிரித்துக்கொண்டே இருந்தார்.

அதோடு மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரிகிற மாதிரி படம் எடுத்து வைப்பது. போனில் அனுப்பிவிட்டேன் என்று விடாதீர்கள், போன் தொலையும். மருந்துக் கடையின் போட்டோ பிரிவில் அச்சுப் போட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்து டிவி மாட்ட ஆணி அடிக்கப்போகும்போது, ஒயர் எங்கே ஓடுகிறது, குழாய் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.